பூசலார் நாயனாரும் பல்லவன் கண்ட கனவும்

தொண்டைநன்னாட்டுத் திருநின்றவூர் சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்துள்ள பழம்பதி. வைணவ அன்பர்கள் அதனைப் பத்தராவிப் பெருமாள் எழுந்தருளிய திருப்பதியாகப் போற்றுவர். சைவ அன்பர்களுக்கோ அவ்வூர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தே நினைவிற்கு வருபவர் பூசலார் நாயனார். கல்லும் சுண்ணமும் காணாத ஒரு கோயிலைக் கட்டி முடித்துக் குடமுழுக்கும் செய்த பெரியார் அவர். அவர் வரலாற்றைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் ஊரும் பேரும் சுட்டி வணங்கினார்; நம்பியாண்டார் நம்பிகள் அந்தாதியில் குறிப்பை விளக்கினார்; 12-ஆம் நூற்றாண்டில், அநபாயன் என்னும் இரண்டாம் குலோத்துங்கசோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் இருபதுக்கும் குறைந்த பாடல்களில் விரித்தருளினார். அளவிற் சிறியதாயினும், நனவு கனவு என்னும் இரண்டின் தன்மையையும் ஆராய்வார்க்கு இப்புராணத்தினும் சிறந்ததோர் இலக்கியம் கிடைத்தல் அரிது.

பூசலார் அந்தணர் குலத்தில் தோன்றியவர். வேதம் முதலிய கலைகளைக் கற்று, அவற்றின் பயன் சிவபெருமான் திருவடிக்கண் அன்பு பெருகுதலே எனத் தெளிந்தவர். அடியார்க்கு ஆவன செய்தலும் அரனை வழிபடுதலுமே அவர் நாட்கடன். நாளடைவில் அவர்தம் உள்ளத்தே ஓர் ஆசை வேர் ஊன்றியது. தம் பெருமானுக்குத் தம் ஊரில் ஒரு திருக்கோயில் எடுக்க வேண்டும் என்பதே அது.

கோயில் எடுத்தல் எளிய காரியமா? அதன் சுமையை அறியாதார் இம்மலரைப் படிப்போருள் இரார். நிலம் வேண்டும், கல் வேண்டும், தச்சர் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொன் வேண்டும். பூசலாரிடம் அன்பு ஒன்றுதான் இருந்தது. அவர் பல இடங்களுக்கும் சென்று பொருள் தேடினார். நாட்கள் கழிந்தன. எடுத்த காரியத்துக்குச் சிறு தொடக்கம் செய்வதற்கும் போதிய பொருள் கிட்டவில்லை. இதற்கு என் செய்வேன் என்று நைந்தார். இரந்தும் பெறாமல் வெறுங்கையுடன் ஊர் திரும்பும் ஒருவர் மனம் எத்தகையதாக இருக்கும் என்பதை அநுபவித்தவரே அறிவர். பெரும்பாலோர் அந்நிலையில் ஆசையை விட்டொழிவர். சிலர் பொருள் ஈயாத உலகை வைது திரிவர். பூசலார் இரண்டும் செய்தாரில்லை. வெளியே கிடையாததை உள்ளே தேடத் தொடங்கினார்.

ஈண்டு ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். மனத்தினால் கோயில் கட்டுவது என்றால், கண்ணை மூடித் திறக்குமுன் ஏழு நிலைக் கோபுரமும் பொன் விமானமும் எழுந்து நிற்கும் என்று நாம் நினைப்போம். மனோராச்சியம் செய்வார் எல்லாரும் அங்ஙனமே செய்கின்றனர். அவர்களுக்குக் கூலி கொடுக்க வேண்டுவதில்லை. மழைக்கும் வெயிலுக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுதில் உலகையே ஆண்டு முடித்து உண்ணச் சென்றுவிடுவர். பூசலார் எடுத்த கோயிலோ அத்தகையது அன்று. பொருளைக்கூட அவர் மனத்தினுள் ஒரே நாளில் குவித்துக்கொண்டாரில்லை. சிறிது சிறிதாகத் தேடிச் சேர்த்தார். பின் வேண்டும் சாதனங்களையும் தொழில் வல்ல தச்சர்களையும் தேடிக்கொண்டார். நல்ல நாள் பார்த்து, ஆகமம் விதித்தவாறு அடிநிலை பாரித்தார். உபானம் முதலாகச் சிகரம் ஈறாக வரிசை பிறழாமல் ஒவ்வோர் உறுப்பாக எழுப்பினார். விமானத்தின் மேல் தூபி நாட்டினார், சுதை தீட்டினார், கிணறு தோண்டினார், திருமதில் எடுத்தார், திருக்குளம் அகழ்ந்தார். மனத்தே கட்டும் கோயிலுக்கு மதில் எதற்கு, கிணறு எதற்கு என்று அவர் எண்ணவில்லை. திருமஞ்சனத்திற்கு நீர் வேண்டும். ஆதலின் கிணறு வேண்டும். விதியில் ஒன்றையும் குறைத்தாரில்லை.

இப்பணி நடந்த காலமெல்லாம் அவர் இரவிலும் கண் படாமல் இருந்தார் என்று சேக்கிழார் ஓரிடத்தில் சொல்லிச் செல்கின்றார். விரைந்து படிப்போர் இதனைப் பணியின் ஆர்வத்தைக் காட்டும் சொல் என்று மட்டும் கொண்டு கடந்துவிடுவர். புராணத்தின் பிற்பகுதி முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கின்றது. பூசலார் செய்தது கனவு அன்று. கனவு காண உறங்குதல் வேண்டுமே! உறக்கமும் இன்றி, வெறும் நினைப்பும் அன்றி, விழித்திருந்தே உள்ளத்துள் ஒடுங்கிச் செய்த தவம் அது. சிவபூசை செய்வார் புறப்பூசைக்கு முன்னர் அகப்பூசை செய்தல் வேண்டும் என்பதும், அதில் இருதயத்தைப் பூசைத்தானமாகவும் உந்தியை ஓமத்தானமாகவும் புருவநடுவைத் தியானத்தானமாகவும் கொள்ளுதல் முறை என்பதும் ஆகமங்கூறும் துணிவு. நாம் சில நாழிகையில் முடிக்கும் அவ்வகப்பூசையைப் பூசலார் நெடுநாள் நீட்டித்தார் என்று கொள்ளின் அவர் செயலின் உண்மை ஒருவாறு விளங்கும்.

கோயில் முற்றுப்பெற்றது. பெருமானைத் தாபிப்பதற்குரிய நன்னாளும் முகூர்த்தமும் குறிக்கப்பட்டன. ஊரில் ஒருவருக்கும் இது தெரியாது. இல்லத்தாரும் அறிந்தார் என்பதற்குப் புராணத்தில் குறிப்பில்லை.

இனி, காஞ்சிமாநகரம். அங்கே காடவர் கோமானாகிய பல்லவ வேந்தன் ஒரு கற்றளி எடுத்து, அதற்குப் பெருஞ்செல்வம் நிவந்தமாக வகுத்து, குடமுழுக்கு நாளையும் குறித்திருந்தான். அம்மன்னன் இராசசிம்மன் என்னும் இரண்டாம் நரசிம்மவர்மன் என்றும், அக்கற்றளி இன்றுங் காணும் கயிலாசநாதர் திருக்கோயில் என்றும் வரலாற்று ஆராய்ச்சியாளர் கொள்வர். கி.பி. 700-ஐ ஒட்டிய காலம் அது. மணற்கல்லால் இயன்ற அக்கோயிலின் திருச்சுற்றை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்பதையும், மதிலெங்கும் அரசனது விருதுப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும் கண்டவர் அவன் செல்வத்தையும் உள்ளத்தையும் ஒருங்கே அறிவர். சங்கரபக்தன், சிவசூடாமணி என்பன அவ்விருதுகளுட் சில. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு ஒன்று அவனைச் சைவசித்தாந்த நெறியில் நின்று மலம் நீங்கியவன் என்று புகழ்கின்றது. ஆதலின் அவனைச் செருக்கினால் கோயில் எடுத்த அரசன் என்றும், பூசலாருக்கு எதிரே நிறுத்தித் தாழ்த்தத்தக்கவன் என்றும் சிலர் பேசுவது பொருந்தாது. அன்பில்லாதவன் கனவில் பெருமான் எழுந்தருளுதல் உண்டோ?

குடமுழுக்கிற்கு முன்னாள் இரவு. வேள்விச்சாலை அமைந்துவிட்டது, வேதியரும் சிவாசாரியரும் வந்து நிறைந்துவிட்டனர், சிற்றரசர் பலர் திறையோடு வந்திருந்திருப்பர். அரசன் துயின்றான். கொன்றை மாலை அணிந்த சடையையுடைய பெருமான் அவன் கனவில் தோன்றினார். நின்றவூரில் பூசல் என்னும் அன்பன் நெடுநாள் நினைந்து நினைந்து செய்த ஆலயத்தில் தாம் நாளை புகுவதாகவும், காஞ்சியில் செய்யத் துணிந்ததை அதற்குப் பின் ஒரு நாளில் கொள்ளுமாறும் பணித்து மறைந்தருளினார்.

கனவைப் பற்றி நம் முன்னோர் கொண்ட கருத்தைச் சிறிது கூறினால் இவ்விடம் தெளிவாகும். உயிருக்கு நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படங்கல் என ஐந்து அவத்தைகள் உண்டு. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில் இதனை வைத்தார். நனவில் உயிர் புருவநடுவில் நின்று முப்பத்தைந்து கருவிகளோடு கூடித் தொழிற்படும். கனவில் அது கண்டத்தானத்திற்கு இறங்கும். அறிபொறி ஐந்தும் தொழிற்பொறி ஐந்தும் ஆகிய பத்தும் அப்போது நீங்க, எஞ்சிய இருபத்தைந்தோடு மட்டும் நின்று காணும். உறக்கத்தில் இருதயத்தில் மூன்றோடும், அப்பால் உந்தியில் இரண்டோடும், மூலத்தில் ஒன்றோடும் நிற்கும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் இதற்கு ஓர் உவமை காட்டினார். படைசூழ உலாப் போந்த மன்னன் அரண்மனைக்குத் திரும்பும்போது ஒவ்வொரு வாயிலிலும் உடன் வந்தாரை நிறுத்தி நிறுத்தி, முடிவில் அந்தப்புரத்துள் தனியே புகுவது போன்றது அது என்றார். கண்ணும் செவியும் முதல் வாயிலில் நின்றுவிடுகின்றன. மனம் முதலிய உட்கருவிகள் மட்டும் இரண்டாம் வாயில் வரை உடன் செல்கின்றன.

காஞ்சி வேந்தனுக்கு இவ்வுவமை எத்துணைப் பொருத்தம்! பகலெல்லாம் அவனைச் சூழ்ந்து அமைச்சரும் படைத்தலைவரும் இருந்தனர். யார் ஒருவரும் தனியே அணுகி அவன் விருப்பிற்கு மாறான ஒன்றைச் சொல்லுதல் இயலாது. குடையும் கொடியும் புறத்தே நிற்க, அவன் தனியனான இடம் ஒன்றே உண்டு. அங்கே பெருமான் காத்திருந்து சொன்னார் போலும்.

ஆயினும் கண்ட கனவெல்லாம் திருவருள் வாக்கு ஆகுமா என்னும் வினா எழும். எழுதல் முறையே. பகலிற் கண்டதும் கேட்டதும் வாசனையாய் நின்று இரவில் உருக்கொள்ளும். வாத பித்தங்களின் மிகுதியால் தோன்றுவனவும் உண்டு. சில வினைகள் கனவிலேயே நுகர்ந்து கழிக்கப்படும் என்றும் பெரியோர் கூறுவர். விடியற்காலத்துக் கனவு விரைந்து பலிக்கும் என யாமத்துக்கு ஏற்பப் பயன் வகுத்துரைக்கும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கனவும் கோவலன் கனவும் கோப்பெருந்தேவி கனவும் வரும் தீங்கை முன்னறிவித்தன. அவையெல்லாம் குறியால் உணர்த்துவன. உரைப்பார் ஒருவர் இருந்து பொருள் காண வேண்டுவன. பெரியபுராணத்துக் கனவுகளோ வேறு வகையின. திலகவதியாரின் கனவில், தம்பியாரைச் சூலை கொடுத்து ஆள்வோம் என்பதைப் பெருமான் வெளிப்படவே உணர்த்தினார். ஆலம்பொழிலில் துயின்ற சுந்தரருக்கு மழபாடியை மறந்தனையோ என்னும் கருத்துத் தெளிவாகவே உரைக்கப்பட்டது. குறி பார்ப்பாருக்கு அங்கு வேலை இல்லை.

அன்றியும், சேக்கிழார் சொல்லும் கனவுகளுட் சில இருவர்க்கு ஒருங்கே வருவன. திருநாளைப்போவாருக்கு ஆணை வந்த இரவிலேயே தில்லைவாழந்தணர்க்கும் ஆணை வந்தது. திருநெல்வாயில் அரத்துறையில் முத்துச்சிவிகையைப் பற்றி அவ்வூர் மறையவர்க்கும் ஞானசம்பந்தப் பெருமானுக்கும் தனித்தனியே உணர்த்தப்பட்டது. ஒருவர் கண்டதற்கு மற்றவர் சான்றாவர். பூசலார் புராணத்தில் மட்டும் அது மாறியது. கனவு அரசனுக்கு வந்தது, பூசலாருக்கு வரவில்லை. அவர்தாம் உறங்கவில்லையே! அரசன் கண்டதற்குச் சான்று, உறங்காதவர் ஒருவர் நெஞ்சினுள் வேறு எவரும் அறியாமல் நின்ற கோயில். தான் கேட்டறியாத ஓர் ஊரன்பரின் பெயரும் செயலும் நாளும் அக்கனவில் சொல்லப்பட்டன. மேலும், அது மன்னன் ஆசைக்கு இணங்கிய கனவும் அன்று. மனத்தின் வாசனை மட்டும் பேசியிருந்தால், மறுநாள் விழாவின் முழக்கத்தையன்றோ அவன் கனவிற் கேட்டிருப்பான்? இதுவோ கைக்கெட்டிய விழாவை நிறுத்தி வை என்றது.

அவன் நிறுத்தினான். குடமுழுக்கை முன்னின்று நடத்தியவர் அறிவர் இதன் கடுமையை. குறித்த முகூர்த்தத்தை ஒரு நாழிகை தள்ளவும் மனம் துணியாது. ஏழை ஒருவன் பொருட்டுப் பேரரசனின் நாள் மாற்றப்பட்டது என்றால் நாடு என் சொல்லும்? கனவை நம்பிக் காரியத்தைக் கெடுத்தான் என்று சொல்லாதா? உணர்ந்தெழுந்த வேந்தன் இவ்வெண்ணங்களுள் ஒன்றிலும் தங்கியதாகச் சேக்கிழார் காட்டவில்லை. பெருமான் உவந்த அந்தத் தொண்டரைக் கண்டு வணங்க வேண்டும் என்னும் வேட்கை ஒன்றே அவனைச் செலுத்தியது. காஞ்சிக்கும் நின்றவூருக்கும் இடையே இன்றைய சாலை வழியில் 50 கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவு உண்டு. அத்தொலைவையும் கடந்து வந்து சேர்ந்தான்.

வந்தவன் பூசலார் அமைத்த கோயில் எங்கே என்று வினவினான். ஊரார் திகைத்தனர். அப்படி ஒரு கோயில் இவ்வூரில் இல்லை என்றனர். மன்னன் கனவைப் பொய்யென்று கொண்டு மீண்டிருக்கலாம். மீளவில்லை. அவ்வூர் மறையவர் எல்லாரையும் வருவித்துப் பூசல் என்பார் யார் என்று கேட்டான். குற்றமற்ற வேதியர் அவர், இவ்வூரினர் என்று அவர்கள் கூறினர். அழைத்து வருவதற்கு அவர்கள் முற்பட, வேந்தன் அதற்கு ஒருப்படாமல் தானே அவர் இருந்த இடம் நோக்கிச் சென்றான். கோயில் எங்கே என்று கேட்கக் கற்றவன் அரசன்; அடியாரை அழைப்பியாமல் தான் போக வேண்டும் என்பதையும் கற்றிருந்தான்.

முடிமன்னன் வந்து தொழுது நின்று, எண்டிசையோரும் ஏத்தும் வண்ணம் அடிகள் எடுத்த கோயில் யாது, அதில் பெருமான் எழுந்தருளும் நாள் இந்நாள் என்பதைப் பெருமானே அறிவிக்க அறிந்து காண வந்தேன் என்று விண்ணப்பித்தபோது, பூசலார் மருண்டார். மருட்சிக்குக் காரணம் பல. ஒருவருக்கும் உரையாத செய்தி எங்ஙனம் வெளிப்பட்டது? இரந்தும் பொருள் பெறாத தம் வறுமை ஊரறிய அம்பலமாகின்றதே! எல்லாவற்றுக்கும் மேலாக, தம்மை ஒரு பொருளாகப் பெருமான் எண்ணினாரே என்னும் வியப்பு அவரை விழுங்கிற்று. பிறகு உள்ளதை உள்ளவாறே கூறினார். பொருள் தேடிக் கிடையாமையையும், மனத்தினால் நினைந்து நினைந்து அக்கோயிலை முயன்ற வகையையும் மறையாது உரைத்தார்.

கேட்ட மன்னன் நிலமுற விழுந்து வணங்கினான். முரசம் முழங்கத் தன் படையோடு தன் பெருநகர்க்கு மீண்டான். காஞ்சிக் குடமுழுக்குப் பின்னர் எந்நாளில் நடந்தது என்று சேக்கிழார் உரைக்கவில்லை. அவர் பார்வை பூசலாரை விட்டு அகலவில்லை. குறித்த நல்லோரையில் பூசலார் தம் உள்ளத்துக் கோயிலில் பெருமானை எழுந்தருளுவித்தார். அன்று தொட்டுப் பூசனைகள் யாவும் முறைப்படி பல நாள் பேணிச் செய்து, திருவடிநிழல் சேர்ந்தார்.

கயிலாசநாதர் கோயிற் கல்வெட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. 1890-இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதற்றொகுதியில் அது பதிப்பிக்கப்பெற்றது. துட்டியந்தன் முதலிய மன்னர் கிருதயுகத்தில் வானத்து வாக்கைக் கேட்டார் என்றால் வியப்பில்லை, நற்குணங்கள் அகன்ற இக்கலியுகத்தில் இவ்வரசன் அதனைக் கேட்டதே வியப்பு என்னும் கருத்து அதில் உள்ளது. கனவு என்று அது கூறவில்லை, நின்றவூரையும் குறிக்கவில்லை, பூசலார் பெயரும் அதில் இல்லை. ஆதலின் அதனையே இவ்வரலாற்றுக்கு முடிந்த சான்றாகக் காட்டி வாதிடுதல் ஆராய்ச்சி நெறியன்று. எனினும், உருவம் காணாமல் ஒரு வாக்குத் தன் செவியிற் பட்டது என்பதை அப்பல்லவன் காலத்தவர் பெரும்பேறாகப் போற்றிக் கல்லில் வெட்டினர் என்பது மட்டும் உறுதி. சேக்கிழார் காலம் அதற்கு 400 ஆண்டுகட்குப் பிற்பட்டது. நாட்டில் வழங்கிய செவிவழிச் செய்தி ஒன்று கல்லில் ஒருவாறும் புராணத்தில் ஒருவாறும் பதிந்தது என்று கருதுதற்கு இடமுண்டு.

நின்றவூரில் இதயாலீச்சுரர் திருக்கோயில் இன்று வழிபாட்டில் இருந்து வருகின்றது. நாயனாரின் திருவுருவமும் அங்கு உண்டு. காஞ்சியின் மணற்கல் மழையிலும் காற்றிலும் தேய, பழுதுபார்த்தும் சுதை பூசியும் பலமுறை காக்க வேண்டியதாயிற்று. நின்றவூர்க் கோயிலும் பிற்காலத்தவர் எழுப்பியதே. பூசலார் எழுப்பியதற்குக் குருபூசை நாளாகிய ஐப்பசி அனுடத்தன்று அடியார்கள் அவ்வாயிலில் நின்று கை கூப்புகின்றனர்.